கூரை அவர்களுடையது, தரை யாருடையது?

நடுநாட்டு நகரங்கள் – பகுதி 11

திண்டிவனம் நகராட்சிக்குள் கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஓர் ஏரி, கோட்டை இருந்ததற்கான தடயங்கள் கொஞ்சம், நெருக்கியடித்த தெருக்கள். சங்க காலத்தில் இதன் பெயர் கிடங்கில். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஆளுகையில் இருந்த ஊர். அவனைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார்; பாட்டு சிறுபாணாற்றுப்படை. மன்னனின் கொடை எவ்வளவு பெரியது என்று காட்ட வேண்டுமானால், அதைப் பெறுவதற்கு முன் பாணன் எந்த நிலையில் இருந்தான் என்று சொல்லியாக வேண்டும். அதற்காகப் புலவர் நம்மைப் பாணன் வீட்டு அடுக்களைக்கே அழைத்துப் போய்விடுகிறார்.

கூரைக் கழிகள் இற்று விழுகின்றன. சுவரில் கரையான் ஏறியிருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று உள்ளே கிடக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியைப் பிடித்து இழுக்க, வலி பொறுக்காமல் தாய் குரைக்கிறது. பசியில் மெலிந்த அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். வெந்ததும் கதவைச் சாத்துகிறாள். இதைத் தின்பதை அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாது.

நம் பகுதியைச் சேர்ந்த ஓர் ஏழை வீட்டைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய சித்திரம் இது. நத்தத்தனார் அந்தக் குடும்பத்தைச் சோம்பேறி என்று சொல்லவில்லை, திருடர் என்று சொல்லவில்லை, அழுக்கர் என்றும் சொல்லவில்லை. பசியைச் சொன்னார், வெட்கத்தைச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் இந்த அளவுகூட நியாயமாக எழுதவில்லை என்பதை இந்தப் பகுதி முழுக்கப் பார்க்கப் போகிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஏழைக்கு வீடு கட்ட ஒரு துண்டு மண் ஏன் கிடைக்கவில்லை என்பது ஒரு கதை. கொடுக்காமல் இருப்பதற்காக அவனைப் பற்றி என்னென்ன சொன்னார்கள் என்பது இன்னொரு கதை. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பாணனை விட்டு நேரே 1891ஆம் ஆண்டுக்கு வருவோம். நம் ஊர்கள் இருந்த அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் வடக்கு எல்லையில் செங்கற்பட்டு. அங்கே கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் அந்த ஆண்டு பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதை வைத்து அடுத்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி பிறந்ததுதான் புகழ்பெற்ற 1010ஆம் எண் அரசாணை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு அதை யாருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் மாற்றலாம். இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் இங்கேதான்.

பஞ்சமி நிலத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அதே அறிக்கையில் இருந்த மனைக்கட்டு விவகாரத்தை ஏனோ மறந்துவிட்டோம். டிரெமன்ஹீர் கண்டுகொண்டது எளிமையான ஒன்று. சேரியில் குடிசை கட்டியிருப்பவனுக்கு அந்தத் தரை சொந்தமில்லை. அது மிராசுதாரின் பிடியில் இருக்கிறது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், நாளைக்கே குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். மனைக்கட்டு தன்னுடையதாக இல்லாதவன் கூலி பேச முடியாது, வழக்குப் போட முடியாது, வேறு வேலை தேடிப் போகவும் முடியாது. அடிமைமுறையைச் சட்டம் 1843இலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் மனைக்கட்டு அதைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தது.

மறுதரப்பின் வாதங்கள் நமக்கும் பழக்கமானவைதான். நிலம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவான், நாளையைப் பற்றி யோசிக்கத் தெரியாதவன், கொடுத்ததை விற்றுவிட்டுப் போய்விடுவான். நூறாண்டு கழித்து, இலவச வீட்டுமனை பற்றிய டீக்கடைப் பேச்சிலும் இதே மூன்று வாக்கியங்கள்தான் ஓடுகின்றன. நம்மூர் மட்டும்தானா என்று கேட்கலாம். டிரெமன்ஹீர் எழுதியதற்கு முந்தைய ஆண்டு, 1890இல், ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் நகரத்துக் குடியேறிகளின் நெருக்கடிக் குடியிருப்புகளைப் படங்களோடு புத்தகமாக்கினார். வெளிச்சமே இல்லாத அறைகளுக்குள் ராத்திரியில் புகுந்து, மக்னீசியப் பொடியைக் கொளுத்தி எடுத்த படங்கள். படுத்திருந்தவர்கள் மிரண்டு எழுந்து பார்ப்பது அந்தப் படங்களில் பதிந்திருக்கிறது. 1901இல் அங்கே குடியிருப்புச் சட்டம் வர அந்தப் புத்தகமும் ஒரு காரணம். அதே புத்தகத்தில் இத்தாலியர் இப்படி, சீனர் அப்படி என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு முத்திரையும் குத்தியிருந்தார் ரீஸ். உதவ வந்த கையிலும் மை இருந்தது.

சென்னை மாகாண அரசு மனைக்கட்டு விஷயத்தில் உருப்படியாக இறங்கியது 1920இல், லேபர் கமிஷனர் என்று ஒரு பதவியை உண்டாக்கிய பிறகு. முதலில் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜி. எஃப். பாடிசன். நிலத்தை அரசு கையகப்படுத்தி மனைகளாகப் பிரித்துக் கொடுக்கும். வாங்கியவர்கள் தவணையாகப் பணத்தைக் கட்ட வேண்டும். இலவசம் என்ற பேச்சே அப்போது இல்லை. எந்த நிலத்தை எடுப்பது என்பதில்தான் ஊர் தன் வேலையைக் காட்டியது. மேட்டு நிலம் கிடையாது, ரோட்டோர நிலம் கிடையாது, கிணறு உள்ள நிலம் கிடையாது. எதை விட்டுக்கொடுத்தால் யாருக்கும் வலிக்காதோ அந்தப் பள்ளமும் உவர் மண்ணும் மனையாகின. ஊருக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்து, நேர்நேரான தெருக்களோடு காலனிகள் எழுந்தன. லேபர் துறையின் இந்தப் பணி சுதந்திரத்துக்குப் பின் அரிஜன நலத்துறைக்கும், பிறகு ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் போனது. துறையின் பெயர் மாறிக்கொண்டே வந்தது, நிலம் தேடும் திசை மாறவில்லை. காலனி என்ற பெயரே வசைச்சொல்லாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ரயில் வந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1870களில் சென்னையிலிருந்து தெற்கே வந்த மீட்டர் கேஜ் பாதையும், 1879இல் புதுச்சேரிக்குப் பிரிந்த கிளையும், பின்னால் சேர்ந்த காட்பாடி, திருச்சிப் பாதைகளும் விழுப்புரத்தைப் பெரிய ஜங்ஷனாக்கின. 1919இல் நகராட்சியானது. ஜங்ஷன் என்றால் சரக்கு. சரக்கு என்றால் மண்டி. மண்டி என்றால் மூட்டை தூக்க ஆள். சுற்று வட்டாரச் சேரிகளிலிருந்து வந்தவர்கள் மூட்டை தூக்கினார்கள், கை வண்டி இழுத்தார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள், நகரத்தின் மலம் அள்ளினார்கள். விடியற்காலையில் இவர்கள் வராவிட்டால் கடைத்தெரு திறக்காது. ஆனால் இவர்கள் இரவில் எங்கே தூங்குவார்கள் என்று நகராட்சி யோசித்ததில்லை. ரயில்வே தன் ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டது. மற்றவர்கள் வாய்க்கால் ஓரத்திலும், தண்டவாளத்தை ஒட்டிய புறம்போக்கிலும், ஏரியின் உட்புறத்திலும் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர்க்காரர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். இரண்டே ஆண்டுகள்தான் பதவியில் இருந்தார். ஆலயப் பிரவேசம், தேவதாசி ஒழிப்பு, ஜமீன்தாரி ஒழிப்பு என்று அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவை, சிலர் இருபது ஆண்டு ஆண்டும் செய்யாதவை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்த மாகாணத்தில் 1947இல் தூக்கி எறிந்ததும் அவரது ஆட்சியே. பிறந்த சாதியை வைத்தே ஒருவனைத் திருடன் என்று பதிவேட்டில் எழுதி, ராத்திரி எங்கே படுக்கிறான் என்று ஸ்டேஷனில் சொல்ல வைத்த சட்டம் அது. தென்னாற்காட்டில் வேப்பூர்ப் பறையர்களை இந்தப் பட்டியலில் சேர்த்து, அஜீஸ் நகர் செட்டில்மென்டில் அடைத்து வைத்திருந்தார்கள். அது ஒழிந்தது நல்ல காரியம். ஆனால் அடுத்த ஆண்டே, 1948இல், அதே ஆட்சி ‘வழக்கமான குற்றவாளிகள்’ மீதான கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. சாதியின் பெயர் போனது, பதிவேடு போகவில்லை. ஓமந்தூரார் மீது எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஸ்டேஷனுக்குள் இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பது பின்னால் தெரியவரும்.

1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபோது சென்னையில் குடிசைகள் தீப்பிடிப்பது பெரிய அரசியல் பிரச்சினை. தீப்பிடிக்காத வீடுகள் என்றொரு திட்டம் போட்டார். 1970இல் கருணாநிதி ஆட்சியில் குடிசை மாற்று வாரியம், 1971இல் அதற்கான சட்டம். வாரியம் 2021இலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. 1971 சட்டத்தின் மூன்றாவது பிரிவு எதைக் குடிசைப் பகுதி என்கிறது தெரியுமா? தாழ்வாக, சுகாதாரமின்றி, நெரிசலாக இருப்பதால் அப்பகுதி மக்களின் அல்லது அக்கம்பக்கத்தாரின் ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் வசதிக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடிய இடம். உள்ளே இருப்பவனுக்கு வந்த ஆபத்தையும், அவனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வரும் அசௌகரியத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் வாக்கியம் இது.

இருந்தாலும் சட்டத்தைக் குறை மட்டும் சொல்ல முடியாது. ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கே இருப்பவர்களைச் சும்மா வெளியேற்ற முடியாது. முன் அனுமதி வேண்டும், வசதி செய்து தர வேண்டும். அதனால்தானோ என்னவோ, 1971இல் சென்னையில் 1,202 இடங்களையும் 1985இல் மேலும் 17 இடங்களையும் அறிவித்ததோடு கடையைக் கட்டிவிட்டார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இந்தப் பாதுகாப்பு எட்டிப் பார்க்கவே இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிசைப் பகுதிகளைத் தனியாக எண்ணத் தொடங்கியதே 2001இல்தான். 2011 கணக்குப்படி விழுப்புரத்தில் 96,253 பேர், திண்டிவனத்தில் 72,796 பேர். இந்த அளவு ஊர்களில் சேரி, காலனி, குப்பம், ஏரிக்கரை எல்லாம் ஊரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தனியாகப் பார்க்க ஆளில்லை.

கிராமத்துக்கு வேறு சட்டம் இருந்தது. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, அந்த ஆண்டு ஜூன் 19 அன்று மிராசுதாரின் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தமானது. டிரெமன்ஹீர் கேட்டது எண்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது. ஆனால் விழுப்புரம் மண்டியில் மூட்டை தூக்குகிறவன் விவசாயத் தொழிலாளி இல்லையே! சென்னைக் குடிசைக்கு ஒரு சட்டம், கிராமத்துக் குடியிருப்புக்கு ஒரு சட்டம். நடுவில் சிறுநகரத்து ஏழை இரண்டுக்கும் வெளியே நின்றான்.

இப்போது 1978க்கு வருகிறோம். ஜூலை மாதம். எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. விழுப்புரம் கடைத்தெருவில் தொடங்கிய தகராறு, நகரத்தின் பெரிய காலனி மீதான தாக்குதலாக மாறியது. நாள்கணக்கில் நீடித்த வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நடந்தது ஏதோ உள்ளடங்கிய குக்கிராமத்தில் இல்லை. ரயில் ஜங்ஷன், போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் எல்லாம் இருக்கிற ஊரில். கீழவெண்மணிப் படுகொலை நடந்து பத்தாண்டுகூட முடியாத நேரம். நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, வழக்கும் நடந்தது.

பத்திரிகைகளிலும் பேச்சிலும் இது ‘விழுப்புரம் கலவரம்’ என்றே நிலைத்தது. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டதாக அர்த்தம். செத்த பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம். இதை ‘விழுப்புரம் படுகொலை’ என்று அழைக்க வேண்டும் என்று தலித் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் இன்றுவரை எழுதி வருகிறார்கள். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்தச் சம்பவத்தில் வீட்டுவசதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கிராமத்துச் சேரி ஊரிலிருந்து தள்ளி இருக்கும். பெரிய காலனியோ நகரத்துக்குள்ளேயே இருந்தது. அங்கிருந்தவர்கள் கடைத்தெருவில் தினமும் நடமாடினார்கள். மிராசுதாரின் தரையில் குடியிருந்தவனைப் போலக் குனிந்து நடக்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. நகரத்தில் கூலிக்கு ரேட்டு பேசலாம்; கடைக்காரரிடம் எதிர்த்துக் கேட்கலாம். எந்த ஊரிலும் அப்படிக் கேட்கிற பகுதிக்கு ஒரே பெயர்தான் வைப்பார்கள்: ரவுடிகள் இருக்கிற இடம். ‘ராத்திரி அந்தப் பக்கம் போகாதீங்க’ என்பது இன்றைக்கும் புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி. இப்படி ஒரு பகுதி முழுவதற்கும் பெயர் வைத்த பிறகு, அங்கே யார் கொல்லப்பட்டாலும் கேட்கிறவர் மனத்தில் ‘அவன் என்ன செய்தானோ’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

அதே 1978இல்தான் அரிஜன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் தனிச் சட்டத்தையும் (1978ஆம் ஆண்டு 31ஆவது சட்டம்) தமிழக அரசு கொண்டுவந்தது. பழைய நில எடுப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறை இல்லாமல் மாவட்ட ஆட்சியரே மனைக்கு நிலம் எடுக்கலாம். நில உரிமையாளர்கள் வழக்குக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கலாம் என்ற பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்று சொன்னது 1994 நவம்பரில். நடுவில் பதினாறு ஆண்டு. மனைக்காகக் காத்திருந்த குடும்பத்தில் பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி அதே குடிசையில் குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தனிக்குடித்தனம் நடத்தும் அளவுக்கு நீண்ட காலம் அது.

வன்னியர் சங்கத்தின் 1987 செப்டம்பர் சாலை மறியல் போராட்டத்தின்போது தென்னாற்காட்டில் சேரிக் குடிசைகள் பல தீக்கிரையாயின. அந்தப் போராட்டத்தையும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட வன்னியர்களையும் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. இங்கே சொல்ல வந்தது கூரையைப் பற்றி. காலனி மக்கள் கான்கிரீட் கூரை, மொட்டை மாடி என்று ஆசைப்படுவதை, ‘வந்தது வாழ்வு’ என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. கான்கிரீட் வெயிலில் கொதிக்கும். கீற்றுக் கொட்டகைதான் குளுமை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் கான்கிரீட்டை ஒரு தீக்குச்சியால் கொளுத்த முடியாது. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011க்குப் பிறகு ஜெயலலிதாவின் சூரிய ஒளி பசுமை வீடுகள், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று கட்சி மாறினாலும் எல்லாரும் கூரையைத்தான் மாற்றித் தருகிறார்கள். கூரையை மாற்றுவது சுலபம். விழாவில் சாவியைக் கொடுக்கலாம், படம் எடுக்கலாம். நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு என்று கலந்து குடிவைத்த சமத்துவபுரம் மட்டும்தான் கூரையோடு தெருவையும் மாற்றப் பார்த்தது. நம் மாவட்டத்தில் வானூர் ஒன்றியத்துக் கொழுவாரியில் 2022 ஏப்ரலில் ஒன்று திறந்தார்கள்.

சினிமாவையும் எழுத்தையும் பேசாமல் இந்தக் கதை முடியாது. கடலூரில் பிறந்து, சிறுவயதில் விழுப்புரத்தில் மாமா வீட்டில் தங்கி, அங்கேயே பாரதியையும் கம்யூனிசத்தையும் தெரிந்துகொண்ட ஜெயகாந்தன்தான் சென்னைச் சேரி மனிதர்களைத் தமிழ் வாசகர் வீட்டு நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர். ‘உன்னைப் போல் ஒருவன்’ கதையைத் தானே படமாக்கி, தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படத்துக்கான நற்சான்றிதழும் பெற்றார். திரையரங்கில் படம் ஓடவில்லை. ஓடியவை வேறு படங்கள்: குப்பம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிய ரவுடி, அவனைத் திருத்தும் நாயகன், நடுவில் ஒரு குத்துப்பாட்டு. அதிலும் குப்பம் என்றால் கூவம் கரைதான். கிடங்கல் ஏரிக்கரையோ விழுப்புரத்து வாய்க்கால் ஓரமோ திரைக்கு வந்ததில்லை.

நம் வட்டாரத்து ஏழை திரைக்கு வந்தபோது அது பழங்குடி இருளர் வழியாக வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏரிக்கரையோரம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நாலு சவுக்குக் கழி, இடுப்பளவு மண்சுவர், மேலே கரும்புச் சோகையோ கீற்றோ. மழைக்காலத்தில் அதன்மேல் ஒரு பிளக்ஸ் பேனர். காதுகுத்து விழாவுக்கோ கட்சி மாநாட்டுக்கோ வைத்தது. முடிந்ததும் கேட்டு வாங்கி வந்திருப்பார்கள். வெளியே சிரித்துக்கொண்டிருக்கும் தலைவர் முகம், உள்ளே குனிந்துதான் நுழைய முடியும். செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு, கரும்பு வெட்டு என்று வேலை இருக்கிற இடத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். பலர் கொத்தடிமையாகச் சிக்கிக்கொள்வார்கள். 2011 கணக்கில் தமிழகத்தில் இருளர் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். பட்டா இல்லாததால் கதவிலக்கம் இல்லை, கதவிலக்கம் இல்லாததால் கரண்ட் இல்லை, சாதிச் சான்று கேட்டால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையோ நடை.

ஊரில் களவு போனால் போலீஸ் ஜீப் முதலில் இங்கே வந்து நிற்கும். 1948இல் போகாத பதிவேடு என்று சொன்னேனே, அது இதுதான். 1993இல் அத்தியூரில் இருளர் பெண் ஒருவருக்கு நேர்ந்த பாலியல் வன்முறை தொடர்பாகப் புதுச்சேரிக் காவலர்கள் மீது வழக்கு வந்தபோது, திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி அதைக் கையில் எடுத்தார். அதிலிருந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வளர்ந்தது. சாதிச் சான்று, மனைப்பட்டா, பொய் வழக்கு என்று ஒவ்வொரு மனுவாக எழுதி, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி அவர் சேர்த்த ஆவணங்கள் தனி வரலாறு. திண்டிவனத்தில் அவர் தாய்த்தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்.

2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ வந்தது. கம்மாபுரம் அருகே முதனையில் 1993இல் போலீஸ் கொடுமைக்குப் பலியான ராஜாக்கண்ணு வழக்கைத் தழுவிய படம். உண்மையில் அவர் குறவர், படம் இருளராகக் காட்டியது. படம் வந்த அதே வாரம், தீபாவளியன்று, முதலமைச்சர் ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு நேரில் போய் நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டா கொடுத்தார். மாவட்டங்களில் பட்டா வேலை வேகமெடுத்தது. நல்லதுதான். ஆனால் இருபத்தைந்து வருடம் மனுவால் நகராத கோப்பு இரண்டரை மணி நேரப் படத்தால் நகர்ந்தது என்பதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திருடன் என்று வரைந்த படம் போய், பால் வடியும் முகம் என்று வரைந்த படம் வந்திருக்கிறது. நாளைக்கு அதே இருளர் ஒருவர் குடித்துவிட்டுச் சத்தம் போட்டால் இந்த இரக்கம் தாங்குமா? மனை கேட்க ஒருவர் நல்லவராக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இப்போதைய முத்திரை ‘ஆக்கிரமிப்பாளர்’. 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த நீதிமன்ற உத்தரவுகளும் நீர்நிலைகளைக் காப்பாற்றச் சொல்கின்றன, சொல்ல வேண்டியதுதான். ஏரிக்கரைக் குடிசைகளுக்கு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். விழுப்புரத்தின் புதிய பேருந்து நிலையம் இருப்பதும் ஏரிப் பகுதியில்தான். கனமழை பெய்தால் பேருந்துகள் தண்ணீருக்குள் நிற்கும் படம் ஆண்டு தவறாமல் நாளிதழில் வருகிறது. அரசு ஏரிக்குள் கட்டினால் அதற்குப் பெயர் வளர்ச்சி. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் 51 செ.மீ. மழையைக் கொட்டியது. குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. குடிசையை மறுபடி போடலாம். போடுகிற இடம் அதே கரை.

நகரத்து ஏழை சொந்தமாக வீடு கட்டிக்கொள்ளப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒன்றியமும் மாநிலமும் சேர்ந்து மானியம் தருகின்றன. முதல் நிபந்தனை, மனைக்குப் பட்டா. பட்டா உள்ளவன் வாங்கிக்கொள்கிறான். இல்லாதவன் விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறான். நகரங்களைச் சுற்றியுள்ள ‘பெல்ட் ஏரியா’வில் புறம்போக்கு வீடுகளுக்குப் பட்டா கொடுக்க 1962 முதல் தடை இருந்துவந்தது. அதைத் தளர்த்தி, சென்னைச் சுற்றுவட்டாரத்தில் 29,187 பேர், மற்ற நகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் 57,084 பேர் என மொத்தம் 86,271 பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆட்சேபணையற்ற புறம்போக்குக்குத்தான் இது பொருந்தும். நீர்நிலைக்குப் பொருந்தாது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புறம்போக்கில் குடியிருப்பவர்கள் மீது 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை ‘பி மெமோ’ போடும். அது அபராதச் சீட்டு. ஆனால் இந்த இடத்தில் இத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த சாட்சியும் அதுதான். உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் வீட்டிலோ, டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பி மெமோ, தண்டத் தீர்வை ரசீது, பழைய ரேஷன் கார்டு எது கிடந்தாலும் எறிந்துவிட வேண்டாம். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை மனுவோடு தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து, மறக்காமல் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.